வீடு வாங்குபவருக்கு லீகல் ஒப்பினியன் எழுதும்போது எங்கே சறுக்கும்?

கேள்வி இது. சிவில் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு வழக்கறிஞர் கேட்கிறார்: "தமிழ்நாட்டில் வீடோ ஃபிளாட்டோ வாங்கும் கட்சிக்காரருக்கு ஒப்பினியன் (சொத்தின் உரிமை பற்றிய எழுத்துக் கருத்து) கொடுக்கும்போது, 30 வருஷ வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்), மூலப்பத்திரங்கள், பட்டா மூன்றும் சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுவிடலாமா? எந்தெந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்?"

போட்டுவிடாதீர்கள். அந்த மூன்றும் பதிவேட்டுக்கு வந்த சங்கதிகளைத்தான் சொல்லும். சொத்து வழக்குகளைப் புரட்டிப் பாருங்கள், தகராறு பதிவேட்டுக்கு வராத ஏதோ ஒன்றிலிருந்து கிளம்பியிருக்கும்: ஒரு மரணம், கணக்கில் சேர்க்காத ஒரு மகள், எங்கோ நிலுவையில் கிடக்கும் ஒரு வழக்கு, வீட்டுக்குள் குடியிருக்கும் ஒருவர். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று எல்லோரும் பார்க்கிறோம். போட்டிருக்க வேண்டியவர், போடாமல் விட்டவர் யார் என்று தேடுவதுதான் ஒப்பினியன் எழுதுபவரின் முக்கால்வாசி வேலை.

வாரிசுகளிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் தவறுவது இங்கேதான். ஒரு உதாரணம். இந்து ஒருவர் 1978-ல் தன் சம்பாத்தியத்தில் மனை வாங்கி வீடு கட்டுகிறார். 1994-ல் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். 2010-ல் வீட்டை விற்கலாம் என்று வாரிசுச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அதில் நான்கு பெயர். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டுக் கிரயம் முடிகிறது. வில்லங்கத்தில் ஒரு குறையும் இல்லை, பட்டாவும் வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டது. அந்த வீட்டைத்தான் இப்போது உங்கள் கட்சிக்காரர் வாங்கப் போகிறார்.

நீங்கள் கேட்க வேண்டியது: 1994-ல் இறந்தவருடைய அம்மா உயிரோடு இருந்தாரா? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி, பிள்ளைகளோடு சமமாகப் பங்கு பெறுபவர். இருந்தார் என்றால் சொத்து அன்றைக்கே ஐந்து சம பங்காகிவிட்டது. அந்த அம்மா 2003-ல் காலமாகியிருந்தால் 2010-ல் வாங்கிய சான்றிதழில் அவர் பெயர் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். ஆனால் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு எங்கும் போய்விடவில்லை, அது அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கிறது. இறந்த மகனைத் தவிர அவருக்கு இன்னும் இரண்டு மகன்களும் ஒரு மகளும் இருந்தால் மொத்தம் நான்கு கிளை, கிளைக்கு இருபதில் ஒரு பங்கு. ஆக, கையெழுத்தே போடாத பெரியப்பா, சித்தப்பா, அத்தை மூவரிடமும் சேர்த்து இருபதில் மூன்று பங்கு நிற்கிறது. நூற்றுக்குப் பதினைந்து. இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்று சும்மா இருக்கவும் முடியாது. கூட்டு உரிமையாளர்களுக்குள் எதிரிடை அனுபவம் (நீண்ட காலம் தனக்கே என்று அனுபவித்ததால் வரும் உரிமை) அவ்வளவு சுலபமாக நிலைநாட்டக்கூடியதல்ல. ஒருவரை வெளிப்படையாக உரிமையிலிருந்து ஒதுக்கியதைக் காட்ட வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்க அந்த மூவரிடம் (அவர்கள் இல்லை என்றால் அவர்கள் வாரிசுகளிடம்) தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும். கிரயத்துக்கு முன்பு கேட்டால் வேலை நடக்கும். கிரயம் முடிந்த பிறகு விற்றவருக்கு அதில் அக்கறை இருக்காது.

இதனால்தான் வாரிசுச் சான்றிதழை மட்டும் நம்பக் கூடாது. அது வருவாய்த்துறையின் விசாரணையில் கிடைக்கும் தாள், உரிமையை முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு மரணத்துக்கும் இறப்புச் சான்றிதழ் வாங்கி, அந்தத் தேதியில் யார் யார் உயிரோடு இருந்தார்கள் என்று ஒரு குடும்ப மரம் வரைந்துகொள்ளுங்கள். முதல் தாரம், இரண்டாம் தாரம் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சட்டப்படி செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கும் தாய் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் மகள்களின் கணக்கு வேறு. தமிழ்நாட்டில் இதற்கு இரண்டு தேதி மனப்பாடமாக இருக்க வேண்டும். மாநிலத் திருத்தப்படி 1989 மார்ச் 25-ல் திருமணமாகாமல் இருந்த மகள்கள் மகன்களுக்குச் சமமான கூட்டுப் பங்காளிகள், அதாவது குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு உள்ளவர்கள். 2005 செப்டம்பர் 9-ல் வந்த மத்திய திருத்தம், திருமணமான மகள்களுக்கும் சேர்த்துப் பிறப்பாலேயே அந்த உரிமையைக் கொடுத்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பு பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினையை 2005 திருத்தம் தொடாது. ஆனால் 1995-ல் தகப்பனாரும் மகன்களும் மட்டும் பாகம் பிரித்துக்கொண்ட பத்திரம் ஒன்று கையில் வந்தால், அந்த வீட்டில் 1989-ல் கல்யாணமாகாத பெண் இருந்தாரா என்ற கேள்வி அப்படியே நிற்கும். "வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம்" என்பதை அதே தீர்ப்பு சந்தேகத்தோடுதான் பார்க்கச் சொல்கிறது, நீங்களும் அப்படியே பாருங்கள்.

விற்பவர் கிறிஸ்தவரா, முஸ்லிமா என்பதும் பங்கை மாற்றும். கிறிஸ்தவருக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு இல்லை. முஸ்லிம் குடும்பத்தில் தாய் தகப்பனுக்குக் குறிப்பிட்ட பங்கு உண்டு. அனுபவத்தை ஒப்படைத்துவிட்டால் வாய்மொழி ஹிபாவும் (தானமும்) செல்லும், அது எந்த வில்லங்கச் சான்றிலும் தெரியாது.

மைனர் விஷயம் தனி. "எனக்காகவும் என் மைனர் பிள்ளைகளுக்காகவும்" என்று ஒரு தாய் எழுதிக்கொடுத்த பழைய கிரயப் பத்திரம் சொத்தின் பத்திரச் சங்கிலியில் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். தகப்பனாரிடமிருந்து வாரிசாக வந்த தனிப் பங்கு என்றால், இந்து மைனர் சொத்தை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத விற்பனையை அந்தப் பிள்ளை மேஜரான மூன்று வருஷத்துக்குள் ரத்து செய்யக் கேட்கலாம். பிரியாத கூட்டுக் குடும்பப் பங்குக்கு இந்த அனுமதி விதி பொருந்தாது, அதனால் சொத்து எந்த வழியில் வந்தது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். முஸ்லிம் மைனருடைய சொத்துக்குத் தாய் சட்டப்படியான கார்டியனே அல்ல. நீதிமன்ற நியமனம் இல்லாமல் அவர் விற்றது செல்லவே செல்லாது. எல்லாப் பிள்ளைகளின் பிறந்த தேதியும் வேண்டும். இருபத்தொரு வயது (பதினெட்டோடு அந்த மூன்று வருஷம்) தாண்டிவிட்டார்களா, வழக்கு ஏதும் போட்டார்களா என்று பார்த்து எழுதுங்கள்.

இனி வில்லங்கச் சான்று. இணையத்தில் கிடைப்பது பொதுவாக 1975-லிருந்துதான், அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். தேடும் விவரம் தவறானால் சான்று சுத்தமாகத்தான் வரும், அதில்தான் ஆபத்து. சர்வே எண் உட்பிரிவாகியிருக்கும், நகர சர்வே வந்து புது எண் ஆகியிருக்கும், கிராமம் வேறொரு சார்பதிவகத்துக்கு மாறியிருக்கும். பழைய எண், புது எண், உட்பிரிவு, கதவு எண் என்று எல்லா வகையிலும், சம்பந்தப்பட்ட எல்லா அலுவலகத்திலும் தேடுங்கள்.

சரியாகத் தேடினாலும் அதில் வராதவை நிறைய. நிலுவையில் உள்ள வழக்கு வராது. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவருக்கு அது தெரியாவிட்டாலும் தீர்ப்பு அவரையும் கட்டும். அதனால் விற்பவர், அவருக்கு முந்தைய உரிமையாளர், குடும்பத்தில் தகராறு செய்யக்கூடியவர் என்று எல்லாப் பெயரிலும் இ-கோர்ட்ஸ் தளத்தில், மாவட்ட நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் தேடுங்கள். பெயரை எழுதும் விதம் மாறினால் வழக்கு கிடைக்காது, இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள்.

அடமானமும் அப்படித்தான். பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும்போது ஒப்பந்தக் குறிப்பு எழுதிப் பதிவு செய்தால் வில்லங்கத்தில் வரும். ஒன்றும் எழுதாமல் பத்திரத்தை மட்டும் கொடுத்துப் பணம் வாங்கியிருந்தால் வராது. செர்சாய் (CERSAI) என்ற மத்திய அடமானப் பதிவேட்டில் தேடுங்கள், அங்கே வங்கி, நிதி நிறுவனக் கடன்கள் பதிவாகும். தனியாரிடம் வைத்தது அங்கேயும் தெரியாது. அதனால் மூலப்பத்திரங்களின் ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒப்பினியன் எழுதாதீர்கள். "தொலைந்துவிட்டது" என்றால் காவல்துறையின் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் பத்திரிகை விளம்பரமும் குறைந்தபட்சத் தேவை. எப்போது தொலைந்தது, கடைசியாக யாரிடம் இருந்தது, அந்தச் சமயத்தில் பணமுடை இருந்ததா என்று குடும்பத்தாரிடம் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால் வாங்க வேண்டாம் என்பேன்.

பழைய கிரய ஒப்பந்தங்களையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். ஆனாலும் பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்து, அதை நிறைவேற்றித் தரக் கேட்கும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் இதே தமிழ்நாட்டுத் திருத்தத்தை வைத்தே சொல்லியிருக்கிறது. அதாவது, வில்லங்கத்தில் இல்லாத ஒரு ஒப்பந்ததாரர் வந்து நிற்கக்கூடும். பதிவாகி, கெடு முடிந்து, ரத்து செய்யாமல் விட்ட ஒப்பந்தம் வில்லங்கத்தில் இருந்தால், மூன்று வருஷக் காலாவதி முடிந்ததா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அதற்குள் அவர் வழக்குப் போட்டிருக்கலாம். ரத்துப் பத்திரம் கேளுங்கள்.

பவர் பத்திரத்தில், அதாவது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், ஒரு அடிப்படை: பவர் கொடுத்தவர் இறந்தால், அதோடு ஏஜெண்டுக்குச் சொத்தில் சொந்த உரிமை ஏதும் பிணைந்திருந்தால் தவிர, பவர் முடிந்துவிடும். பதிவுக்கு உயிர்வாழ் சான்று கேட்கிறார்கள் என்றாலும் நீங்களும் பவர் கொடுத்தவரிடம் நேரில், அல்லது வீடியோ அழைப்பிலாவது, பேசிவிடுங்கள். "விற்கச் சொன்னீர்களா, என்ன விலை, பணம் யாருக்கு?" மூன்று கேள்வி போதும். பவர் பதிவான அலுவலகமும் சொத்து இருக்கும் அலுவலகமும் வேறாக இருந்தால் பவர் ரத்தானதா என்று முன்னதிலும் பார்க்க வேண்டும். பவரும் ஒப்பந்தமும் உயிலும் வைத்துக்கொண்டு "நான்தான் உரிமையாளர்" என்று வருபவருக்கு உரிமை இல்லை. உச்ச நீதிமன்றத்தின் சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-லேயே முடிந்துபோன விஷயம் அது.

அப்புறம், பெற்றோர் பிள்ளைக்கு எழுதிவைத்த செட்டில்மென்ட் (குடும்பத்துக்குள் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) மூலம் வந்த சொத்து. ஆயுள்கால அனுபவ உரிமையை அவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவுப்படி, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்கவில்லை என்று காட்டித் திரும்பப் பெற வழி இருக்கிறது. பெற்றோர் உயிரோடு இருந்தால் கிரயப் பத்திரத்தில் அவர்களையும் ஒப்புதல் தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். உயில் வழி வந்த சொத்துக்கும் எனக்கு இதே யோசனைதான்: உயிலில் பங்கு கிடைக்காத வாரிசுகள் கையெழுத்துப் போட்டால், உயில் உண்மையா, சாட்சிகள் இருவரும் சரியாகக் கையெழுத்திட்டார்களா, பிற்பாடு இன்னொரு உயில் உண்டா என்ற சண்டை பெரும்பாலும் உங்கள் கட்சிக்காரரைத் தொடாது.

நிலத்தின் வகையைப் பற்றிக் கொஞ்சம். பட்டா உரிமைப் பத்திரமல்ல, வருவாய்க் கணக்கு. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பதிவேடு புதுப்பிப்பில் பெயரும் பரப்பும் மாறிப் பதிவான நிலங்கள் ஏராளம். அதனால் அதற்கு முந்தைய நில அளவை செட்டில்மென்ட் பதிவேடு, 'அ' பதிவேடு (கிராமத்தின் நில வகைக் கணக்கு), புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) மூன்றையும் இன்றைய பட்டாவோடு ஒப்பிடுங்கள். அந்தப் பழைய பதிவேட்டில் குளம், வாய்க்கால், கோயில், மேய்ச்சல் என்று ஒரு வார்த்தை இருந்தால் பின்னால் எத்தனை கிரயம் நடந்திருந்தாலும் பயன் இல்லை. கோயில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. பஞ்சமி நிலம் (ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு அரசு ஒப்படைத்தது) என்றால் ஒப்படைப்பு நிபந்தனையைப் பாருங்கள்: முதல் பத்து வருஷம் விற்கவே கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டும்தான். சென்னை, கோவை, மதுரை போன்ற நகரப் பகுதிகளில் ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு அளவு வைத்த நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999-ல் ரத்தானது. ஆனால் ரத்துக்கு முன்பே அரசு சுவாதீனம் (கைவசம்) எடுத்துவிட்ட நிலத்துக்கு அது உதவாது.

மனைப்பிரிவு அங்கீகாரத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதிக்கிறது, ஆனால் முன்பே வீட்டுமனையாகப் பதிவானவற்றுக்கு விலக்கு தருகிறது. அதனால் மறுவிற்பனை பதிவாகிவிடும். பதிவானதாலேயே வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடாது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கான 2017 வரன்முறை விதிகளின்படி அந்த மனை வரன்முறை (கட்டணம் கட்டி முறைப்படுத்தல்) ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்திட்ட வரைபடத்தை "அப்ரூவல்" என்று சொல்லி நீட்டுவார்கள். நகரமைப்புத் துறையான டி.டி.சி.பி. அல்லது சென்னைக்கான சி.எம்.டி.ஏ. கொடுத்த அங்கீகார எண் எங்கே என்று கேளுங்கள்.

ஃபிளாட் என்றால் கால்குலேட்டரை எடுங்கள். இரண்டு கிரவுண்ட் மனை, 4,800 சதுர அடி. எட்டு ஃபிளாட்டுக்குப் பிளான், ஆளுக்கு 600 சதுர அடி பிரிபடாத பாகம் (பொது நிலத்தில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் உள்ள பங்கு). கணக்கு சரி. ஆனால் பிளான் வாங்கும்போது சாலை விரிவாக்கத்துக்காக 300 சதுர அடியை மாநகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் 4,800-ஐ வைத்தே பங்கு போட்டிருக்கிறார்கள். போதாததற்கு மேலே ஒன்பதாவது ஃபிளாட் கட்டி 500 சதுர அடி பாகத்தோடு விற்றுவிட்டார்கள். மிஞ்சிய நிலம் 4,500, விற்ற பாகம் 5,300. உங்கள் கட்சிக்காரர் வாங்கப் போவது அந்த ஒன்பதாவது என்றால் அவருக்கு நிலமும் இல்லை, அனுமதி பெற்ற கட்டடமும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க அந்த ஒரு ஃபிளாட்டின் வில்லங்கம் போதாது. முழு மனைக்கும் வில்லங்கம் போட்டு எல்லாக் கிரயங்களின் பாகத்தையும் கூட்டிப் பாருங்கள். பிளான் நகலோடு நேரில் போய் மாடிகளை எண்ணுங்கள். கட்டி முடித்த சான்று கேளுங்கள். புதுக் கட்டடம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு, அதோடு பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்ற விதி, இரண்டையும் கட்சிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் உங்களிடம் வரும்போதே பாதிப் பணம் கொடுத்திருப்பார்கள்.

இடத்துக்கு நேரில் போவதை ஜூனியரிடமோ புரோக்கரிடமோ விடாதீர்கள். வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய உரிமையை வாங்குபவர் அறிந்திருந்ததாகத்தான் சட்டம் கருதும். வாடகைக்காரரா, ஒப்பந்ததாரரா, பாகம் கேட்கும் தங்கையா என்று அவர்கள் வாயிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். வாசல் வரைக்கும் வரும் பாதை பொதுப் பாதையா, பக்கத்து நிலத்துக்காரர் விட்டுவைத்த பாதையா என்பதும் அங்கே நின்று பார்த்தால்தான் புரியும்.

பணத்தில் இரண்டு விஷயம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் அந்த 50 லட்ச வரம்பும் கிடையாது, 1 சதவீதமும் கிடையாது. மூலதன ஆதாய வரி விகிதத்தில் பிடிக்க வேண்டும், பிடிக்காவிட்டால் வரி வாங்குபவர் தலையில் விழும். இரண்டாவது, விற்பவருக்கு வங்கிக் கடன் இருந்தால் அந்தத் தொகைக்கான வரைவோலையை நேராக வங்கி பெயரில் எடுங்கள். கடன் தீர்ந்த ரசீதுப் பத்திரம் பதிவாகி, ஒரிஜினல்கள் உங்கள் கட்சிக்காரர் கைக்கு வரும்வரை முழுப் பணமும் போகக் கூடாது.

கடைசியாக உங்களைப் பற்றி. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே வழக்கறிஞராக இருக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், சங்கடமாக இருந்தாலும். தவறான ஒப்பினியன் கொடுத்ததற்காக மட்டும், மோசடியில் பங்கில்லாத வழக்கறிஞரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2012-ல் நாராயண ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024-ல் தீர்ப்பு வந்தது. அலட்சியத்துக்கான சிவில் பொறுப்பும் பார் கவுன்சில் நடவடிக்கையும் அப்படியே இருக்கின்றன. அதனால் ஒப்பினியனில் எந்த ஆவணத்தை ஒரிஜினலாகப் பார்த்தீர்கள், எதை ஜெராக்ஸில் பார்த்தீர்கள், எந்தத் தேதிவரை எந்த எண்ணில் தேடினீர்கள், எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று எழுதுங்கள். "உரிமை தெளிவாக உள்ளது" என்ற ஒற்றை வரியில் முடிக்காமல், "இன்னின்ன கையெழுத்து வந்தால் வாங்கலாம்" என்று நிபந்தனையாகச் சொல்லுங்கள். கட்சிக்காரருக்குப் பயன்படுவது அதுதான்.

பதிவுக்குப் போகும் அன்று காலை வில்லங்கத்தை இன்னொரு முறை பாருங்கள், நீங்கள் ஒப்பினியன் கொடுத்த நாளுக்கும் அன்றைக்கும் நடுவில் ஏதாவது நுழைந்திருக்கலாம். சொத்து விவரத்தைப் பழைய பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்துப் போடாமல், அளந்த அளவோடும் நான்கு எல்லையோடும் ஒப்பிட்டு விற்பவரைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லையில் ஒரு பிழை இருந்தால் பிழைதிருத்தல் பத்திரத்துக்கு அவர் மறுபடி வர வேண்டும். அதற்குள் அவர் ஊர் மாறியிருப்பார், அல்லது இறந்துபோய் அவருடைய வாரிசுகள் எல்லோரையும் நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள்.